நடுநிலை நாடு போருக்குள் போகும் வழி: திகதிகளை வைத்துப் பேசுவோம்

ஹட்டன் சரித்திரம் (இழையைத் தொடங்கியவர்)

உயர்தர வரலாற்று விடைத்தாள்களில் ஒரே வாய்ப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. ஜேர்மன் நீர்மூழ்கி அடித்து லூசித்தானியா என்ற பிரித்தானியப் பயணிகள் கப்பல் மூழ்கியது, அமெரிக்கா முதலாம் உலகப் போருக்குள் வந்தது. பேர்ள் துறைமுகம் எரிந்தது, இரண்டாவதற்குள் வந்தது. முதல் வாக்கியத்தைத் திகதியோடு வைத்துப் பாருங்கள். கப்பல் மூழ்கியது 1915 மே 7. அமெரிக்கா போர் அறிவித்தது 1917 ஏப்ரல் 6. இடையில் 23 மாதம். அந்த 23 மாதத்துக்கு விடைத்தாளில் ஒரு வரி இருப்பதில்லை.

இரண்டாம் போரில் படிகள் இன்னும் தெளிவு. 1935 ஓகஸ்டில் வந்த நடுநிலைச் சட்டம் போரிடும் எந்தத் தரப்புக்கும் ஆயுதம் விற்கக் கூடாது என்றது. 1937இல் ஆயுதமல்லாத சில பொருட்களுக்கு ஒரு வழி திறந்தார்கள்: கைக்காசு கொடு, உன் கப்பலிலேயே ஏற்றிப் போ. 1939 நவம்பர் 4இல் அதே விதியை ஆயுதத்துக்கும் விரித்தார்கள். கடதாசியில் இரு தரப்புக்கும் சமம். ஆனால் அத்திலாந்திக்கில் கப்பல் விட்டு ஏற்றிப்போகக்கூடிய தரப்பு பிரித்தானியாவும் பிரான்சும்தான். சமமான விதி சமமில்லாத கடலில் போய் விழுந்தது.

1940 செப்டெம்பர் 2: பழைய நாசகாரிக் கப்பல்கள் 50 பிரித்தானியாவுக்கு. பதிலுக்கு நியூபவுண்லாந்து முதல் கரீபியன் வரை தளங்கள், 99 வருடக் குத்தகையில். (99 என்றதும் சீனாவுக்குக் குத்தகைக்குப் போன அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை இங்கே இழுத்துவர வேண்டாம், அது வேறு இழை.) 1941 மார்ச் 11: கடன்-குத்தகைச் சட்டம். பிரித்தானியாவிடம் டொலர் தீர்ந்துபோனது, ஆகவே 'கைக்காசு' என்ற நிபந்தனை போனது. காசு வாங்காமல் கொடுத்த சரக்கைக் கடலில் மூழ்கவிட முடியுமா? ஜூலையில் அமெரிக்கப் படை ஐஸ்லாந்தில் இறங்கியது. செப்டெம்பர் 4இல் கிரீர் என்ற அமெரிக்க நாசகாரி ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து அது நிற்கும் இடத்தைப் பிரித்தானிய விமானத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. விமானம் குண்டு போட்டது, நீர்மூழ்கி திருப்பிக் கிரீரை நோக்கி டோர்ப்பீடோ விட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 11ஆம் திகதி வானொலியில் பேசியபோது அந்த முதல் பாதியைச் சொல்லவில்லை. கண்டால் சுடலாம் என்றாயிற்று. ஒக்டோபர் 17இல் கேர்னி என்ற அமெரிக்க நாசகாரி அடிபட்டு 11 பேர் இறந்தார்கள், 31இல் ரூபன் ஜேம்ஸ் என்ற இன்னொரு நாசகாரி மூழ்கியது. நவம்பர் 17இல் வணிகக் கப்பல்களுக்குப் பீரங்கி பூட்டவும் போர் வலயத்துக்குள் அவற்றை அனுப்பவும் அனுமதி. 'உன் கப்பலில் ஏற்றிப் போ' என்ற இரண்டாவது நிபந்தனையும் போய்விட்டது. பேர்ள் துறைமுகம் எரிந்த டிசெம்பர் 7க்கு இன்னும் 20 நாள் இருக்கிறது.

என் வாதம் இதுதான். ஒவ்வொரு படியும் முந்திய படியில் போட்டதை இழக்காமலிருக்க எடுத்தது. திரும்ப முடியாத இடம் எது என்று கேட்டால் நான் கடன்-குத்தகையைச் சொல்வேன். மறுப்பவர்கள் திகதியோடு வாருங்கள்.


கங்காணிப் பேரன்

சேர், அத்திலாந்திக்கிலேயே நீந்திக்கொண்டிருக்கிறீர்கள். குண்டு விழுந்தது மற்றப் பக்கத்தில், பசிபிக்கில்.

யப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு அளவு அமெரிக்காவிலிருந்து போனது. 1940 செப்டெம்பரில் பழைய இரும்பை நிறுத்தினார்கள். 1941 ஜூலை 26இல் யப்பானின் சொத்துக்களை முடக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, 'எண்ணெய் விற்கத் தடை' என்று அன்றைக்கு யாரும் முழுசாக அறிவிக்கவில்லை. எண்ணெய் வாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும், முடக்கிய பணத்தை விடுவிக்க இன்னொரு அனுமதி வேண்டும். பணத்தை விடுவிக்க வேண்டிய குழு விடுவிக்கவில்லை. ஓகஸ்டிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. பெரிய நாட்டின் கொள்கை கந்தோர் மேசையில், முத்திரை குத்தாத ஒரு விண்ணப்பத்தில் முடிவாகியிருக்கிறது. அதற்குப்பின் யப்பானியக் கடற்படைக்கு இருந்த கணக்கு, சேமிப்பு எண்ணெய் எத்தனை மாதம் தாங்கும் என்பது மட்டும்தான்.

ஆகவே 'இழுபட்டது' என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. நடந்தே போனது.


பேராதனைச் சட்டப்புத்தகம்

இரண்டு பேரும் அமெரிக்காவை வைத்தே பேசுகிறீர்கள். அது பெரிய நடுநிலை நாடு, படிகளைத் தானே தெரிவு செய்யலாம். சின்ன நாட்டுக்குச் சோதனை துறைமுகத்தில்தான் வரும், மணிக்கூட்டை வைத்து வரும்.

கடற்போரில் நடுநிலை நாடு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் ஹேக் உடன்படிக்கையை எடுத்து வையுங்கள். நாட்டின் சொந்தச் சட்டம் வேறாகச் சொல்லாவிட்டால், போரிடும் நாட்டின் போர்க்கப்பல் நடுநிலைத் துறைமுகத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்க முடியாது (உறுப்புரை 12). ஒரு தரப்பின் கப்பல்கள் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது (15). திருத்த வேலை, கடலில் பத்திரமாக ஓடும் அளவுக்கு மட்டும். பீரங்கியைத் தொடக் கூடாது (17). எரிபொருள், சொந்த நாட்டின் கிட்டிய துறைமுகம் வரை போகும் அளவு (19). ஒருமுறை நிரப்பினால் அந்த நாட்டின் எந்தத் துறைமுகத்திலும் மூன்று மாதத்துக்கு மறுபடி நிரப்ப முடியாது (20). போகாமல் அடம்பிடித்தால் கப்பலைத் தடுத்து வைக்க வேண்டும் (24).

இப்போது 16ஆம் உறுப்புரை. எதிர்த் தரப்பின் வணிகக் கப்பல் ஒன்று புறப்பட்டால், அதற்குப்பின் 24 மணித்தியாலம் கழியும்வரை போர்க்கப்பல் வெளியேற முடியாது. 1939 டிசெம்பரில் அடிபட்ட கிராப் ஸ்பே என்ற ஜேர்மன் போர்க்கப்பல் மொன்டவிடியோவுக்குள் வந்தது. உருகுவே 72 மணித்தியாலம் கொடுத்தது. முதலில் 'உடனே வெளியேற்று' என்று நெருக்கிய பிரித்தானியத் தூதரகம், தங்கள் பெரிய கப்பல்கள் வந்துசேர நேரம் வேண்டும் என்றவுடன் தட்டை மாற்றிப் போட்டது. துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பி 24 மணித்தியாலக் கணக்கை இழுத்தார்கள். 17ஆம் திகதி கப்டன் லாங்ஸ்டோர்ப் கப்பலை வெளியே கொண்டுபோய்த் தானே தகர்த்தார். உருகுவே இரண்டு பக்கத்தின் நெருக்கலையும் தாங்கி, தான் கொடுத்த நேரத்திலேயே நின்றது. 1945 பெப்ரவரி வரை போர் அறிவிக்கவும் இல்லை.

மறு உதாரணம் துருக்கி. 1914இல் ஒட்டோமான் அரசு பிரித்தானியத் தளத்தில் கட்டுவித்த இரண்டு பெரிய போர்க்கப்பல்களைப் போர் தொடங்கியதும் பிரித்தானியா தனக்கே எடுத்துக்கொண்டது. பொறுப்பெடுக்க மாலுமிகள் போய் நின்றார்கள். ஊரில் சனம் சேர்த்துக் கொடுத்த பணமும் அந்தக் கப்பல்களில் இருந்தது. ஓகஸ்ட் 10இல் கோபன், பிரெஸ்லாவ் என்ற இரண்டு ஜேர்மன் கப்பல்கள் துரத்தப்பட்டு டார்டனெல்ஸ் நீரிணைக்குள் வந்தன. சட்டப்படி 24 மணித்தியாலத்தில் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் தடுத்து வைக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் 'வாங்கிவிட்டோம்' என்று அறிவித்தார்கள். பெயர் மாறியது, கொடி மாறியது, ஜேர்மன் மாலுமிகள் தலையில் துருக்கித் தொப்பி ஏறியது. தளபதி சூசோன் அதே ஆள், இப்போது ஒட்டோமான் கடற்படைக்கும் தலைவர். ஒக்டோபர் 29இல் அவர் கருங்கடலில் ஒடெசா, செவஸ்தபோல் துறைமுகங்களைச் சுட்டார். நவம்பர் 2இல் ரஷ்யா போர் அறிவித்தது.

ஓகஸ்ட் 2இலேயே ஜேர்மனியோடு இரகசிய ஒப்பந்தம் இருந்தது என்று யாராவது வருவீர்கள். சரி, இருந்தது. ஆனால் அதைக் கையெழுத்திட்டும் மூன்று மாதம் இழுத்தடித்தார்கள், அமைச்சரவையில் பாதிப்பேருக்குப் போர் வேண்டாம். ஒப்பந்தம் செய்யாததைக் கப்பல் செய்தது. சுடுகிற ஆயுதம் நாட்டுக்குள், சுடச்சொல்லும் வாய் வேறு நாட்டின் ஆள். திரும்ப முடியாத இடம் அதுதான், சேர்.


ஏலக் கடதாசி

சட்டப்புத்தகத்தார் சொன்ன மணிக்கூடு சரி. ஆனால் போர்க்கப்பல் எப்போதாவது ஒன்று வரும். வணிகக் கப்பல் தினம் ஓடுகிறது. ஏற்றுமதி ஆவணம் பார்க்கிற ஆட்களுக்குத் தெரியும், சரக்கு ஓட மூன்று கடதாசி வேண்டும்: வங்கியின் நாணயக் கடிதம் (காசு வரும் என்ற உறுதி), காப்புறுதி, அனுமதி. மூன்றின் வழியாகவும் போர் உள்ளே வரும்.

வங்கி. 1914 ஓகஸ்டில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் பிரயன், போரிடுபவர்களுக்குக் கடன் கொடுப்பது நடுநிலைக்கு ஒவ்வாது என்றார். ஒக்டோபரிலேயே 'கடன் வேறு, வணிகத்துக்கான கணக்குவைப்பு வேறு' என்று ஒரு ஓட்டை வந்தது. 1915 ஒக்டோபரில் பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து 50 கோடி டொலர் கடன்பத்திரத்தை மோர்கன் வங்கிக் கூட்டத்தின் மூலம் நியூயோர்க்கில் விற்றன. பிரயன் அதற்கு முன்பே, ஜூனில், பதவி விலகிவிட்டார். 1917 ஏப்ரலில் நேச நாடுகளுக்குப் போயிருந்தது சுமார் 230 கோடி டொலர், ஜேர்மனிக்குச் சுமார் 2 கோடி 70 இலட்சம்.

ஆனால் 'கடனைக் காப்பாற்றத்தான் போருக்குப் போனார்கள்' என்ற மலிவுக் கதைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். 1916 நவம்பர் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கிச் சபை, ஈடு வைக்காத நேச நாட்டுத் திறைசேரி உண்டியல்களை (குறுகிய காலக் கடன் பத்திரங்களை) வாங்காதே என்று தன் வங்கிகளுக்குப் பகிரங்கமாகச் சொன்னது. பணம் அந்த நேரம் பின்னுக்கு இழுத்தது. கதவை உடைத்தது 1917 பெப்ரவரி 1இல் ஜேர்மனி மறுபடி தொடங்கிய கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர்.

காப்புறுதி. இதை ஒருவரும் எழுதுவதில்லை. 1914இல் போர் தொடங்கியதும் தனியார் போர்க்கால காப்புறுதிக் கட்டணம் ஏறிப்போய்ப் பருத்தி துறைமுகத்தில் தேங்கியது. செப்டெம்பர் 2இல் அமெரிக்க அரசே போர் அபாயக் காப்புறுதிப் பணியகம் ஒன்றைத் திறந்தது. அன்றிலிருந்து அமெரிக்கக் கொடி கட்டிய ஒரு கப்பலை ஜேர்மனி மூழ்கடித்தால், நட்டம் கொடுப்பது அரச திறைசேரி. போருக்கு இரண்டரை வருடம் முன்பே திறைசேரி கப்பலில் ஏறியிருந்தது.

அனுமதி. இரண்டாம் போரில் பிரித்தானியா நடுநிலை நாட்டுச் சரக்குக்கு 'நவிசேர்ட்' என்ற சான்று கொடுத்தது. சரக்கு ஏறும் நாட்டிலேயே பிரித்தானியத் தூதரகம் பார்த்துக் கொடுக்கும். இல்லாத கப்பல் கேர்க்வோல், ஜிப்ரால்ட்டர் மாதிரிச் சோதனைத் துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டு நாட்கணக்கில் காயும். 1940 ஓகஸ்டிலிருந்து சான்று இல்லாத சரக்கு எதிரியின் சரக்காகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. கப்பலுக்கும் தனிச் சான்று. அது இல்லையென்றால் பிரித்தானியக் கையிலிருந்த துறைமுகத்தில் நிலக்கரி இல்லை, எண்ணெய் இல்லை, திருத்தத் தளம் இல்லை, லண்டன் காப்புறுதியும் இல்லை. கொழும்பு, ஏடன், சிங்கப்பூர் எல்லாம் அந்தக் கையில்தான் இருந்தன. இப்படி ஒரு தரப்பின் கடதாசியோடு ஓடுகிற கப்பலை மற்றத் தரப்பு நடுநிலைக் கப்பலாகப் பார்க்குமா? பார்க்கவில்லை. சுட்டது.


மடுல்சீமை டீச்சர்

நல்ல விளக்கங்கள். ஆனால் எல்லாருமே ஒன்றை நம்பிக்கொண்டு எழுதுகிறீர்கள்: நடுநிலை நாடு ஏதோ செய்தது, அதனால் போர் வந்தது. ஒன்றும் செய்யாத நாடுகளை எங்கே வைப்பது?

நோர்வே. சுவீடனின் இரும்புத்தாது ஜேர்மனிக்கு வேண்டும். கோடையில் லூலியோ துறைமுகம் வழியாகப் போகும். மாரியில் பொத்னியா குடா உறைந்துவிடும், அப்போது நோர்வேயின் நார்விக் வழிதான். வரைபடத்தில் அந்த ஒரு கோடுதான் நோர்வேயின் தலைவிதி. 1940 பெப்ரவரி 16இல் அல்ட்மார்க் என்ற ஜேர்மன் கப்பலை நோர்வேயின் கடலுக்குள்ளேயே பிரித்தானியர் ஏறிப் பிடித்து அதிலிருந்த 299 பிரித்தானியக் கைதிகளை மீட்டார்கள். நோர்வே எதிர்ப்புக் கடிதம் எழுதியது. ஏப்ரல் 8இல் பிரித்தானியர் நோர்வேக் கடலில் கண்ணி விதைத்தார்கள். அதற்கும் எதிர்ப்புக் கடிதம். 9ஆம் திகதி ஜேர்மன் படை வந்து இறங்கியது. எதிர்ப்புக் கடிதத்துக்குப் பின்னால் படை இல்லையென்றால், இரண்டு தரப்பும் 'மற்றவன் முந்துவதற்குமுன் நான்' என்று கணக்குப் போடும். இங்கே தன் நடுநிலையை நோர்வே விற்கவில்லை. காக்கப் போதுமான பலம் இல்லை, அவ்வளவுதான்.

ஈரான். 1941 ஓகஸ்ட் 25இல் பிரித்தானியாவும் சோவியத்தும் இரண்டு பக்கமும் புகுந்தன. சொன்ன காரணம் ஜேர்மன் நிபுணர்களை வெளியேற்றவில்லை என்பது. வேண்டியது, வளைகுடாவிலிருந்து காஸ்பியன் கரைக்குப் போகும் ரயில் பாதை. செப்டெம்பர் 16இல் ரேசா ஷா முடி துறந்தார். 1943 செப்டெம்பரில் ஈரானே ஜேர்மனிமேல் போர் அறிவித்தது. நடுவில் அந்த நாட்டுச் சனம் பஞ்சத்தில் செத்தது. லொறியும் ரயிலும் படைச் சரக்கில் மாட்டிக்கொண்டால் கோதுமை எப்படி ஊருக்குப் போகும்?

போர்த்துக்கல், 1916. உணவும் நிலக்கரியும் ஏற்றக் கப்பல் இல்லை, துறைமுகங்களிலோ ஜேர்மன் கப்பல்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. பிரித்தானியா கேட்டுக்கொண்டது, பெப்ரவரியில் அவற்றைக் கைப்பற்றினார்கள். மார்ச் 9இல் ஜேர்மனி போர் அறிவித்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. உன் ஊர் யாருடைய பாதையில் இருக்கிறது? உன்னிடம் உள்ள எந்தப் பொருள் இரண்டு பேருக்கும் வேண்டும்? நீ சாப்பிடுவதையும் எரிப்பதையும் யார் கப்பல் கொண்டுவருகிறது? அரசாங்கம் என்ன அறிக்கை விட்டது என்பது அதற்குப் பிறகு.


கங்காணிப் பேரன்

டீச்சர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நம்ம மலையே விடை. 1939 செப்டெம்பர் 3இல் லண்டன் போர் அறிவித்தது, இலங்கையும் போரில் என்று ஆயிற்று. நடுநிலையா என்று கேட்க ஆளும் இல்லை, கேட்க உரிமையும் இல்லை. போரை எதிர்த்த சமசமாஜக் கட்சித் தலைவர்களை 1940 ஜூனில் பிடித்துக் கண்டி போகம்பரைச் சிறையில் போட்டார்கள்.

அரிசி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் பர்மா யப்பான் கையில். லயத்து அடுப்பில் கோதுமை மாவு ஏறியது அந்தக் காலத்தில். அதே வருடம் மலாயாவும் போனதால் நேச நாடுகளுக்கு மிஞ்சிய பெரிய இயற்கை இறப்பர்த் தோட்டம் இலங்கை. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுக்கச் சொன்னார்கள். ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு. 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது.


ஹட்டன் சரித்திரம்

டீச்சர், நோர்வே விடயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மறு பாதிக்கு: நோர்வேயின் எண்ணெய்க் கப்பல்களில் பெரும் பங்கு 1939 நவம்பரிலேயே பிரித்தானியாவுக்கு வாடகைக்குப் போயிருந்தது. 'ஒன்றும் செய்யாத நாடு' என்று சொல்ல முடியாது.

பாதையில் இருந்தும் தப்பிய நாடுகளை எடுத்தால் உங்கள் கேள்விகள் இன்னும் கூர்மையாகும். சுவீடன் தப்பியது சும்மா இல்லை. 1940 ஜூலையிலிருந்து ஜேர்மன் படையினர் விடுமுறையில் போகவும் வரவும் சுவீடன் ரயிலைக் கொடுத்தது. 1941 ஜூனில் ஒரு முழு டிவிஷனையே நோர்வேயிலிருந்து பின்லாந்துக்குக் கடக்க விட்டது. 1907 ஹேக் விதிப்படி இது வெளிப்படையான மீறல். 1943 ஓகஸ்டில், ஜேர்மனி தோற்பது தெரிந்தபின், நிறுத்தியது. துருக்கி குரோமியத்தை இரண்டு பக்கமும் விற்று, 1944 ஏப்ரலில் ஜேர்மனிக்கு நிறுத்தி, 1945 பெப்ரவரி 23இல் போர் அறிவித்தது. இவை நடுநிலையா, விலைபேசலா? பிள்ளைகள் 'நடுநிலை' என்று எழுதினால் நான் அரைப் புள்ளிதான் போடுவேன்.


பேராதனைச் சட்டப்புத்தகம்

அயர்லாந்தை விட்டுவிட்டீர்கள் சேர். இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை, நமக்கும் கிட்டினது.

1921 ஒப்பந்தத்தில் அயர்லாந்தின் மூன்று துறைமுகங்கள் பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தன: பியர்ஹேவன், கோவ், லொக் சுவில்லி. 1938 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் செம்பர்லின் அவற்றைத் திருப்பிக் கொடுத்தார். சர்ச்சில் அதைக் கடுமையாக எதிர்த்தார், அவர் பக்கக் கணக்கில் அது சரியும்கூட. பதினேழு மாதத்தில் போர். துறைமுகங்கள் இன்னும் பிரித்தானியர் கையில் இருந்திருந்தால் அங்கிருந்து போர்க்கப்பல் புறப்படும், ஜேர்மனி அங்கே குண்டு போடும், அயர்லாந்துப் பிரதமர் டி வலேரா எத்தனை அறிக்கை விட்டாலும் அயர்லாந்து போரில். கை காலியாக இருந்ததால் நடுநிலை நின்றது. அப்படியும் முழுச் சுத்தமில்லை. காலநிலை அறிக்கைகள் லண்டனுக்குப் போயின, 1944 ஜூனில் நோர்மண்டித் தரையிறக்கத்தின் நாளைத் தீர்மானிக்க உதவியதில் பிளாக்சொட் நிலையத்தின் அறிக்கையும் ஒன்று. விழுந்த நேச நாட்டு விமானிகள் பலர் சத்தமில்லாமல் எல்லை தாண்டினார்கள், ஜேர்மன் விமானிகள் முகாமில் இருந்தார்கள்.

இப்போது இலங்கை. 1947 நவம்பரில் சுதந்திரத்தோடு சேர்த்தே ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம். திருகோணமலையில் கடற்படை, கட்டுநாயக்காவில் விமானப்படை, இரண்டும் பிரித்தானியாவுடையது. 1948 முதல் 1957 வரை பிரித்தானியா ஒரு பெரிய போரில் மாட்டியிருந்தால், கொழும்பு 'நாங்கள் நடுநிலை' என்று சொல்லியிருக்கலாம், திருகோணமலைத் தளத்தைப் பார்த்த எதிரி அதை நம்பியிருக்க மாட்டான். பண்டாரநாயக்க 1957இல் தளங்களை எடுத்ததைச் சிலர் வெறும் கொடி அரசியல் என்கிறார்கள். அயர்லாந்தோடு வைத்துப் பார்த்தால் அது நடுநிலைக்கு வேண்டிய முதல் வேலை.


ஏலக் கடதாசி

தளம் இருந்த அதே காலத்தில்தான் இறப்பர்-அரிசி ஒப்பந்தமும், அண்ணே. கொரியப் போர். 1951 மே மாதம் ஐ.நா. பொதுச்சபை சீனாவுக்குப் போர்ப் பொருள் அனுப்பாதே என்றது, இறப்பர் அதில் அடக்கம். இலங்கை 1955 டிசெம்பர் வரை ஐ.நா.வில் உறுப்பினரே இல்லை. இறப்பர் விலை விழுகிறது, அரிசி விலை ஏறுகிறது. 1952 டிசெம்பரில் ஐந்து வருட ஒப்பந்தம்: வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் போக, 270,000 தொன் அரிசி வரும். சீனா இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே கொடுத்தது. அமெரிக்கா தன் சட்டத்தைக் காட்டி உதவியை மறுத்தது, 1956 வரைக்கும். கையெழுத்துப் போட்டது இடதுசாரி அரசு இல்லை, டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசு. ஒரு கையில் பிரித்தானியத் தளம், மறு கையில் சீன அரிசி.

இதில் கற்க வேண்டியது விலை. அமெரிக்காவிடம் அதே விலையில் அரிசியும் இறப்பருக்கு நல்ல விலையும் கிடைத்திருந்தால் ஒப்பந்தம் நடந்திருக்காது. சின்ன நாட்டை ஒரு பக்கம் தள்ளுவது பெரும்பாலும் மற்றப் பக்கத்தின் கஞ்சத்தனம்.


மடுல்சீமை டீச்சர்

1971ஐயும் சேருங்கள். பெப்ரவரியில் இந்தியா தன் வானத்தைப் பாகிஸ்தானுக்கு மூடியது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்கிலுள்ள டாக்காவுக்குப் போகும் பாகிஸ்தான் விமானங்கள் சுற்றி வந்து கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பின. இந்தியா கோபப்பட்டது. அதே வருடம் டிசெம்பர் 16இல் இலங்கை முன்னின்ற 'இந்து சமுத்திரம் சமாதான வலயம்' தீர்மானம் ஐ.நா.வில் நிறைவேறியது, தீர்மான இலக்கம் 2832. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அன்றைக்கேதான்.

இன்றைக்கு இதையே பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பாடம் நம்ம தேயிலை. 1969இல் திறந்த சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு எண்ணெய்க்கு ஏற்றபடி கட்டப்பட்டது. 2012இல் அமெரிக்கத் தடை வந்து கொடுப்பனவு நின்றது, சுமார் 25 கோடி டொலர் கடன் தொங்கியது. 2021 டிசெம்பரில் அதைத் தேயிலையால் கழிப்பது என்று ஒப்பந்தம், மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதி. டொலர் எங்கும் நகராது. ஏற்றுமதியாளருக்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் ரூபாயில் கொடுக்கும். அதே ஈரானின் நண்பர்களான யேமன் ஹூதிகள் செங்கடலில் கப்பலைச் சுடுகிறார்கள் என்று 2024 ஜனவரியில் நம் கடற்படைக் கப்பலை அமெரிக்கா தலைமை தாங்கிய ரோந்துக்கு அனுப்பப்போவதாக அப்போதைய ஜனாதிபதி அறிவித்தார். ஏப்ரலில் அப்போதைய ஈரான் ஜனாதிபதி உமா ஓயா நீர்மின் திட்டத்தைத் திறக்க ஊவாவுக்கு வந்தார். இதைக் கெட்டித்தனம் என்பதா, இரண்டு தோணியில் கால் என்பதா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது.


கங்காணிப் பேரன்

கால் இரண்டு தோணியில் இருந்தால்தானே டீச்சர் இரண்டும் நம்மை விட்டுப் போகாது! சுவீடன் அதைத்தானே செய்தது.

ஏலக் கடதாசி தம்பியிடம் ஒரு கேள்வி. நாளைக்கு உண்மையிலேயே பெரிய போர் என்றால், மலையிலிருந்து போகிற தேயிலைக்கு முதல் அடி எந்தக் கடதாசியில் விழும்?


ஏலக் கடதாசி

காப்புறுதியில், அண்ணே. வங்கி அதற்குப் பிறகு.

சரக்குக் காப்புறுதியின் போர் விதி, பெட்டி கப்பலில் இருக்கும்போது மட்டும்தான் காக்கும். கொழும்புக் களஞ்சியத்தில் குண்டு விழுந்தால் அதில் ஒரு சதம் வராது. போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் இறக்காமல் கிடந்தால் 15 நாளோடு அதுவும் முடியும். அதை இரத்துச் செய்ய வழமையான அறிவித்தல் 7 நாள். அபாயக் கடல்கள் எவை என்று லண்டனில் ஒரு கூட்டுக் குழு பட்டியல் போடும். பட்டியலில் ஏறிய கடலுக்குள் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலின் பெறுமதியில் இத்தனை விழுக்காடு என்று தனிக் கட்டணம், கப்பல் கம்பனி அதைப் பெட்டிக்கு இவ்வளவு என்று பிரித்து நம் தலையில் போடும். 2024இல் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய கப்பல்களுக்கு ஐரோப்பாப் பயணம் பத்து நாளுக்கு மேல் கூடியது. போர் நடந்தது வேறு யாருக்கோ.

இனித்தான் முக்கியமானது. கப்பல் உடலுக்கான லண்டன் போர்க் காப்புறுதியில் ஒரு விதி உண்டு. பிரித்தானியா, அமெரிக்கா, பிரான்ஸ், ரஷ்யா, சீனா இந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் இடையில் போர் தொடங்கினாலும் காப்புறுதி தானாகவே முடிந்துவிடும். அறிவித்தல் நாள் கிடையாது. கொடி எந்த நாட்டுடையது, சரக்கு தேயிலையா துப்பாக்கியா என்ற கேள்வியும் கிடையாது. அதன்பிறகு கப்பல் ஓட வேண்டுமென்றால் 1914இல் அமெரிக்கா செய்த மாதிரி ஏதாவது ஒரு அரசு பொறுப்பேற்க வேண்டும். நம் திறைசேரிக்கு அந்தப் பலம் இல்லை. ஆகவே வேறு ஒரு நாட்டின் அரசு ஏற்கும். ஏற்கிற அரசு எந்தத் துறைமுகத்துக்குப் போகலாம், யாருக்கு விற்கக் கூடாது, கொழும்பில் எந்தக் கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று நிபந்தனை போடும்.


பேராதனைச் சட்டப்புத்தகம்

அந்தக் கடைசி நிபந்தனையை நாம் ஏற்றால் அது 13ஆம் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரையில் இடிக்கும். துறைமுகக் கட்டுப்பாடு இரு தரப்புக்கும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். ஒரு தரப்பின் போர்க்கப்பலுக்கு மட்டும் எண்ணெய் மறுத்தால், மற்றத் தரப்பு நம்மை நடுநிலை என்று ஏற்க வேண்டியதில்லை. வழி ஒன்றுதான் தெரிகிறது: போர் வருமுன்பே, இரண்டு தரப்பின் போர்க்கப்பலுக்கும் சேர்த்து, எண்ணெய் இல்லை என்று சொந்தச் சட்டத்தில் எழுதி வைப்பது. போர் நடக்கும்போது விதியை மாற்றினால், அதையே ஒரு பக்கச் சார்பு என்பார்கள். 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவும் வேண்டாம் என்று ஒரு வருடத்துக்கு எல்லாருக்கும் பொதுவாக மூடினார்களே, அந்த மாதிரி.


ஹட்டன் சரித்திரம்

அதற்கும் யாருக்காக மூடியது என்று எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. 1939 நவம்பரில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமமான விதியும் அப்படித்தான். கடன்-குத்தகை என்று நான் போட்ட திகதியைப் பின்னுக்குத் தள்ளி 1939 நவம்பர் 4 என்று யாராவது வாதிட்டால் கேட்கத் தயார்.